நோய்க்காலமும் மனைக்கலையும்

அருப்புக்கோட்டையினின்று திருச்சுழிக்குச் செல்லும் வழியில் இருமருங்கும் கண்ணிற் படுவன கரிசல் நிலமும், பனைநிரைகளும், பிற்காலத்தே வந்து பரவிய சீமைக்கருவேற் காடுகளுமே. குண்டாற்றில் நீர் ஓடும் நாட்களை விரல் மடக்கி எண்ணிவிடலாம். மழை பெய்தாற் கண்மாய் நிறையும். கண்மாய் நிறைந்தாற் சோறு உண்டு. இன்றேல் மதுரைக்கோ திருப்பூருக்கோ பிழைக்கப் போதல் வேண்டும். இத்தகைய வானம் பார்த்த பூமியிற் கலைக்கு இடமேது என்று வினவுவார் உளர். அவருட் பலர் திருச்சுழித் திருமேனிநாதர் கோயிலின் கற்றூண்களைக் கண்டு, இங்கும் கலை உண்டு போலும் என்று மனம் அமைந்து மீள்வர். யாம் ஈண்டு எழுதப் புகுந்தது அக்கற்றூண்களைக் குறித்தன்று. ஊரெல்லாம் நோய்க்கு அஞ்சிக் கதவடைத்திருந்த காலங்களில், அக்கதவுகளுக்கு உட்புறத்தே எம் நாட்டு மக்கள், சிறப்பாகப் பெண்மக்கள், மண்ணாலும் மாவாலும் விதையாலும் பாட்டாலும் செய்தவை எவை, அவற்றை ஏன் செய்தனர், அவற்றாற் பெற்றதும் பெறாததும் யாவை என்பவற்றைக் குறித்தே எழுதுகின்றோம்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் கொரோனாத் தொற்றினை உலகப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அதே திங்கள் 24ஆம் நாள் மாலை ஆறு மணி முதல் தமிழகத்தில் 144 தடையுத்தரவும், மறுநாள் முதல் நாடெங்கும் ஊரடங்கும் வந்தன. விடுதிகள் மூடப்பட, யாமும் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தோம். அது பங்குனியின் நடுப்பகுதி. எம் பக்கத்து ஊர்கள் பலவற்றிற்குப் பங்குனி என்றால் அம்மன் பொங்கல் என்றே பொருள். பொங்கல் சாட்டுவதும், காப்புக் கட்டுவதும், அக்கினிச்சட்டி எடுப்பதும், முளைப்பாரி தூக்குவதும் ஆகிய இவற்றைக் கணக்கிட்டே வெளியூரிற் பிழைப்போர் விடுமுறை கேட்பர். அவ்வாண்டு அவையனைத்தும் நின்றன. ஊர்ப் பெரியோர் கூடிப் பேசிப் பொங்கலை நிறுத்தினர், வேறு வழியுமில்லை.

எம் தெருவில் யாவரும் 'அப்பத்தா' என்றே அழைக்கும் மூதாட்டி ஒருவர் உளர். பொங்கல் நின்ற செய்தி வந்த மறுநாட் காலை, அவர் தம் வீட்டின் பின்கட்டில் அமர்ந்து ஓர் உடைந்த பானையின் ஓட்டினைக் கழுவிக்கொண்டிருந்தார். அருகே அவர்தம் பேத்தி, ஏழு வயதுச் சிறுமி, மூன்று கொட்டாங்கச்சிகளை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். யாம் மதிற்புறத்தே நின்று, "என்ன அப்பத்தா, திருவிழாத்தான் இல்லையே" என்றோம். "ஊர்ப் பாரிதானய்யா நின்னு போச்சு, வீட்டுப் பாரியை எந்தச் சட்டம் நிறுத்தும்?" என்றார் அவர், தலை நிமிராமலே.

முளைப்பாரி இன்னதென்று அறியாத வாசகர் பொருட்டுச் சிறிது விரித்துரைப்போம். அடியுடைந்த பானையின் ஓட்டிலோ, அகன்ற சட்டியிலோ வைக்கோலைப் பரப்பி, அதன்மேற் கண்மாயிலிருந்து எடுத்த கரம்பை மண்ணையும், பொடித்த ஆட்டெருவையும் மாட்டெருவையும் கலந்து இடுவர். தட்டாம்பயறு, மொச்சை, பாசிப்பயறு, சோளம், கம்பு முதலிய விதைகளை முன்னாளிரவே ஊற வைத்து அம்மண்ணின்மேல் நெருக்கமாகத் தூவி மூடுவர். பின்னர் அதனை வெளிச்சம் புகாத அறையில் வைத்து, நாடோறும் நீர் தெளிப்பர். ஊர்ப் பாரியாயின் இதற்கென ஒரு வீடு ஒழித்துவிடப்படும். ஒவ்வோர் இரவும் பெண்கள் கூடி முற்றத்தில் வட்டமாகச் சுற்றிக் கும்மி கொட்டிப் பாடுவர். ஒன்பது பத்து நாட்களில் முளைகள் ஒரு முழத்தை எட்ட வளர்ந்து நிற்கும். அவற்றைத் தலையிற் சுமந்து ஊர்வலமாய்ச் சென்று, கோயில் முன்னர் வைத்துக் கும்மியடித்து, முடிவிற் கண்மாயிலோ கிணற்றிலோ கரைத்துவிடுவர்.

முளைப்பாரியைக் கண்டோர் முதலில் வியப்பது அதன் நிறத்தையே. அது வயலிற் காணும் பச்சை அன்று. வெண்மையும் மஞ்சளும் கலந்த, விளக்கொளி போன்றதொரு நிறம். இதன் காரணம் தாவர நூல் பயில்வார்க்கு எளிதில் விளங்கும். பயிர் பச்சை நிறம் கொள்வது ஒளி பட்டாலன்றி நிகழாது. இருளிற் கிடந்த முளையானது ஒளியைத் தேடி மிக விரைவாகத் தண்டினை நீட்டும், இலையை விரிக்காது, விதைக்குள் தாய்ப்பயிர் சேமித்து வைத்த உணவு முழுவதையும் அந்நீட்சிக்கே செலவிடும். ஆகவே இருளறையின் முளை வயல் முளையினும் உயரமாயும், மெலிந்தும், வெளிறியும் இருக்கும். அச்சேமிப்பு தீருமுன் அதனை எடுத்துவிடல் வேண்டும். பத்து நாட் கணக்கு அதனால் வந்தது போலும். எந்தப் பாரி செழிப்பாக எழுந்ததோ அவ்வீட்டு விதை நல்ல விதை என்று ஊரார் கண்டுகொள்வதும் உண்டு. வானம் பார்த்த நிலத்தில் விதைச்சோதனை சிறு காரியம் அன்று. எனினும், விதையைச் சோதித்தற்காகவே இத்துணை அழகும் பாட்டும் பிறந்தன என்று கூறுவார் கூற்றை யாம் முற்றும் ஏற்கமாட்டோம். சோதனைக்கு ஒரு பிடி மண் போதும்.

காப்புக் கட்டுதல் என்ற வழக்கினையும் ஈண்டு நினைவுகூர வேண்டும். பொங்கல் சாட்டிக் காப்புக் கட்டியபின் ஊரார் வெளியூர் சென்று இரவு தங்கலாகாது என்பது பல ஊர்களில் விதி. 2020ஆம் ஆண்டில் அரசு ஊரடங்கு விதித்தபோது, முதியோர் பலர் அதனைக் 'காப்புக் கட்டினாற்போல' என்றே பேசிக்கொண்டனர். ஊர்க்கட்டு என்பது எம் மக்களுக்குப் புதிதாய்த் தோன்றாமைக்கு இது ஒரு காரணம். புதிதாய்த் தோன்றியது யாதெனில், கூடிக் கும்மி கொட்டற்கு இல்லாத காப்பு.

இனி, இவ்வழக்கங்களின் வேர் எங்கே கிடக்கின்றது என்று தேடப் புகின், அது பெரியம்மையிற் சென்று முடியும். இன்றைய மாணவர்க்குப் பெரியம்மை என்பது ஒரு சொல். அதனைக் கண்ணாற் கண்டவர் தொகை குறைந்து வருகின்றது. அக்கொடிய வகை கண்டவருட் பத்துப் பேருக்கு மூவர் அளவில் இறந்தனர், பிழைத்தோர் முகமெல்லாம் வடுப்பட்டனர், கண்ணிழந்தாரும் பலர். மருந்து இல்லை. இத்தகைய நோயை எம் முன்னோர் 'நோய்' என்று சொல்லவும் அஞ்சினர். 'அம்மை வார்த்திருக்கிறது', 'ஆத்தாள் வந்திருக்கிறாள்', 'முத்துப் போட்டிருக்கிறது' என்றே சொன்னார்கள். உடலெங்கும் எழுந்த கொப்புளத்தை முத்து என்று அழைத்த அந்தச் சொல்லையே யாம் இக்கலைகளுள் முதலாவதாகக் கருதுகின்றோம். காணச் சகியாத ஒன்றினைக் காணத்தக்கதாக்கி, அதன் அருகே இரவெல்லாம் அமர்ந்திருக்கத் தாய்க்கு வலிமை தந்தது அச்சொல்.

அம்மை கண்ட வீட்டின் ஒழுக்கம் இது. வாயிலில் வேப்பங்குழை செருகப்படும். அதனைக் கண்டவர் உட்புகார். வீட்டில் தாளிப்பு இல்லை. எண்ணெய்ச் சட்டி அடுப்பேறாது. நோயாளி வேப்பிலை பரப்பிய விரிப்பிற் கிடப்பார். சொரிதற்கு நகம் உதவாது, வேப்பங்கொத்தே வருடும். முத்து இறங்கிய பின்னர், நாட்கணக்குப் பார்த்து மஞ்சளும் வேப்பிலையும் இட்ட நீரைத் தலைக்கு ஊற்றுவர். இரவுகளில் வீட்டுப் பெரியோர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து மாரியம்மன் தாலாட்டு பாடுவர். பெரிய எழுத்துப் பதிப்பாகச் சந்தையில் விற்ற அச்சிறு நூலை எழுத்தறியாத வீட்டார்கூட வாங்கி வைத்திருந்தனர். படிக்கத் தெரிந்த சிறுவன் ஒருவனை அமர்த்திப் படிப்பிப்பர். தாலாட்டு யாருக்கு? அம்மனுக்கு. அம்மன் எங்கே இருக்கிறாள்? குழந்தையின் மேனியில். ஆகவே பாட்டுக் கேட்டு உறங்குவது குழந்தையே. இதனினும் நுட்பமானதொரு மருத்துவச் சூழ்ச்சியை யாம் கண்டதில்லை.

இவ்வொழுக்கத்திற் சில பயனுடையன என்பதை இற்றை மருத்துவம் மறுக்காது. பெரியம்மை நெருங்கிய பழக்கத்தாலும், மூச்சுத்துளியாலும், கொப்புளத்தின் பொருக்கு ஒட்டிய துணியாலும் பரவியது. வேப்பங்குழை கண்டு விருந்தினர் விலகியது பரவலைக் குறைத்தது. ஆனால் வேப்பிலை கிருமியைக் கொன்றது என்று கூறுவதற்கு இல்லை. வாயிலிற் செருகிய குழை ஓர் அறிவிப்புப் பலகை. அதன் வேலை அவ்வளவே, அவ்வளவும் பெரிதே. 2020ஆம் ஆண்டு பங்குனியிலும் தமிழகத்துச் சிற்றூர்களில் தெருவின் குறுக்கே வேப்பந்தோரணம் கட்டினர். மஞ்சள் நீர் தெளித்தனர். நாளிதழ்கள் அதனை நகையாடின. அந்நகையிற் பாதி தகும், பாதி தகாது.

நோய் நீங்கிய பின்னர்ச் செய்யப்படும் கலை ஒன்று உண்டு, அது மண்ணாலாயது. குழந்தை பிழைத்ததாயின் குழந்தையுருவும், கண் தப்பியதாயின் கண்மலரும், கை கால் தப்பினவாயின் அவ்வுறுப்பின் உருவும் செய்து கோயிலில் வைப்பதாக நேர்ந்துகொள்வர். கண்மலர் வெள்ளித் தகட்டிலும் உண்டு. மண்ணுருவம் செய்வோர் வேளார் என்னும் குயவர். அவர்க்கு வீடே பட்டறை. திண்ணையிற் சக்கரம், முற்றத்திற் காயும் உருவங்கள், கொல்லையிற் சூளை. தென்பாண்டிப் பகுதியில் ஆயிரங்கண் பானை என்ற நேர்த்தியும் வழங்குகின்றது. வனைந்த பானை பாதி உலர்ந்து பதமாயிருக்கும்போது அதன் மேனியெங்கும் துளையிட்டுச் சுடுவர். உள்ளே விளக்கேற்றி வைத்துத் தலையிற் சுமந்து செல்வர். இருளில் அப்பானையைக் காண்பார்க்கு ஒளிப்புள்ளிகளே தோன்றும். அவை ஆயிரங்கண்ணுடையாளின் கண்கள் என்பர். அம்மை முத்துக்களே ஒளியாகி நின்றன என்று எமக்குத் தோன்றுவதுண்டு. இஃது எம் கருத்து, நூற்றுணிபு அன்று.

இங்ஙனம் உருவம் செய்து வைத்தல் தாழ்ந்த மக்களின் மூடவழக்கம் என்று எம்முட் படித்தோர் பலர் இகழக் கேட்டிருக்கின்றோம். அவர்கள் தம் கையிலுள்ள வேதாகமத்தையே சற்றுப் புரட்டிப் பார்ப்பாராக. சாமுவேலின் முதற் புத்தகம் ஆறாம் அதிகாரத்தில், கொள்ளைநோயாற் பீடிக்கப்பட்ட பெலிஸ்தர், தம்மை வருத்திய கட்டிகளின் சாயலாகவும், நிலத்தைக் கெடுத்த எலிகளின் சாயலாகவும் பொன்னுருவங்கள் ஐந்தைந்து செய்து, உடன்படிக்கைப் பெட்டியோடு அனுப்பிய செய்தி உள்ளது. நோயின் உருவத்தையே நோய் தீரச் செய்து வைக்கும் எண்ணம் எத்துணைப் பழையது என்பதற்கு இது சான்று. ஜெர்மனி தேசத்தில் ஓபராமெர்காவ் என்னும் மலையூரார் 1633ஆம் ஆண்டிற் கொள்ளைநோய் வந்தபோது, தாம் தப்பினாற் கிறிஸ்துவின் பாடுகளை நாடகமாக நடிப்பதாக நேர்ந்துகொண்டு, 1634 முதல் நடித்து வருகின்றனர். பிற்காலத்திற் பத்தாண்டுக்கு ஒருமுறை என்று அமைந்த அந்நாடகம் 2020இல் நிகழவேண்டியிருந்தது. நோய்க்கு நேர்ந்த நாடகம் நோயாலேயே தடைப்பட்டு, 2022இல் நடந்தேறியது. எம் ஊர்ப் பொங்கல் நின்ற அதே வசந்தத்தில் அவ்வூர்ப் பொங்கலும் நின்றது என்று கூறினாற் பிழையாகாது.

சப்பான் தேசத்துச் செய்தி இன்னும் சுவையுடையது. 1846இல் ஹிகோ என்னும் பகுதியின் கடலில் 'அமாபிஎ' என்றதோர் உயிர் தோன்றி, நோய் பரவினால் என் உருவத்தை வரைந்து மக்களுக்குக் காட்டுக என்று சொல்லி மறைந்ததாக ஒரு பழைய அச்சுத்தாளிற் படத்துடன் கண்டிருக்கின்றது. நீண்ட கூந்தலும், பறவை மூக்கும், செதிலுடம்பும் உடைய அவ்வுருவை ஏறத்தாழ யாவரும் மறந்திருந்தனர். 2020ஆம் ஆண்டு வசந்தத்தில் அந்நாட்டார் வீட்டிலிருந்தபடியே அதனை வரையத் தொடங்கினர். ஓவியர் வரைந்தனர், சிறுவர் வரைந்தனர், சிலர் துணியிலே தைத்தனர், பலகாரமாகவும் பிடித்தனர். முடிவில் அந்நாட்டுச் சுகாதார அமைச்சே தன் எச்சரிக்கைப் படத்தில் அதனைச் சேர்த்துக்கொண்டது.

எம் நாட்டிலும் அவ்வாண்டு வாசற்கோலங்களில் முட்கொண்ட உருண்டையாகிய அக்கிருமியின் உருவம் வந்தது, முகக்கவசம் வந்தது, 'வீட்டிலிரு' என்ற எழுத்து வந்தது. கோலத்தைக் குறித்து மிஷன் கல்லூரி மாணவர் பெருமை கொள்ளத்தக்க ஒன்றுண்டு. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் பேராசிரியராயிருந்த கிஃப்ட் சிரோமணி என்பார், ராணி சிரோமணி, கமலா கிரித்திவாசன் ஆகியோருடன் சேர்ந்து, புள்ளிக்கோலத்திற்கு ஓர் இலக்கணம் உண்டென்றும், அவ்விலக்கணத்தைக் கணினிக்கு உரிய விதிகளாக எழுதலாம் என்றும் காட்டி 1974இல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். சிற்றூர்ப் பெண்டிர் விடியற்காலையில் எண்ணாமலே இழைக்கும் இழை, உண்மையில் எண்ணின் நுட்பம் என்பது அதனால் உலகறிந்தது. சிக்குக்கோலத்தில் இழை புள்ளியைத் தொடாமற் சுற்றிச் சுற்றிச் சென்று, தொடங்கிய இடத்திலேயே வந்து முடிய வேண்டும். இடையிற் கையெடுத்தாற் குறை. மனம் வேறெங்கோ சென்றால் இழை தப்பும். நாளிதழில் இறந்தோர் தொகை வந்துகொண்டிருந்த அக்காலைகளில், கோலத்தின் முன் குனிந்திருந்த கால்மணி நேரம் பெண்கள் பலர்க்குத் தொகை எண்ணாத நேரமாயிருந்தது என்பதை எம் வீட்டிலேயே கண்டோம். கொரோனா உருவக் கோலங்களைவிடப் பழைய சிக்குக்கோலமே அவ்வேலையை நன்கு செய்தது என்பது எம் துணிபு.

அருப்புக்கோட்டை நெசவூர். வீட்டினுள்ளே குழித்தறி அமைத்துப் பருத்திச் சேலை நெய்யும் குடும்பங்கள் பல தலைமுறையாக அங்கே வாழ்கின்றன. அவர்க்கு வீடும் கலையும் வேறல்ல. ஆயின், நோய்க்காலம் யாவர்க்கும் வீட்டிலிருந்து கலை செய்யும் ஓய்வைத் தந்தபோது, வீட்டிலிருந்தே கலை செய்துவந்த அவர்க்கு மட்டும் அதனை நிறுத்திற்று. நூல் வரவில்லை, நெய்த சேலையை வாங்குவாரில்லை, தறி ஓசை இல்லாத தெரு எங்ஙனம் இருக்கும் என்பதை அவர்கள் அன்று அறிந்தனர். வேளார்க்கும் அதுவே. பங்குனி முதல் ஆடி வரையிலான கோயிற்காலமே அவர்க்கு ஆண்டின் வருவாய். அது ஒரு நாளில் இல்லையாயிற்று. 'ஊரடங்கு கலைக்கு வாய்ப்பு' என்று நகரத்தார் எழுதிய கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் எமக்கு இத்தெருக்களே நினைவிற்கு வரும். வயிறு நிறைந்தோர்க்கு அது வாய்ப்பு. தமிழகமெங்கும் மகளிர் சுயஉதவிக் குழுவினர் முகக்கவசம் தைத்துச் சிறிது கூலி பெற்றனர்; சேலைத் துணுக்குகளால் தைத்த கவசங்களில் கரையும் பூவும் அமையும்படி வெட்டியவர்களும் இருந்தனர். யாரும் கேளாதபோதும் கரையை நேரே அமைத்த அக்கைகளையும் யாம் கலைஞர் என்றே கொள்வோம்.

நோய்க்கு விலகி இருத்தல் என்றதும் திருச்சுழியார் சொல்லும் ஒரு செய்தி உண்டு. 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் திருச்சுழியிற் பிறந்த இரமண மகரிஷிகள், 1905இல் திருவண்ணாமலையிற் பிளேக் பரவி ஊரார் வெளியேறியபோது, ஊர்ப்புறத்தே இருந்த பச்சையம்மன் கோயிலிற் சென்று சில திங்கள் தங்கினார். துறவியார்க்கும் விலகி இருக்க ஓர் அம்மன் கோயிலே கிடைத்தது. இதுவொரு புறக்குறிப்பு, மேற்செல்வோம்.

இக்கலைகளாற் பயன் யாது? உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளை 2019இல் வெளியிட்ட ஓர் அறிக்கை, மூவாயிரத்திற்கு மேற்பட்ட ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கி, கலை செய்தலும் கலையிற் கூடுதலும் மனக்கலக்கத்தைத் தணித்தற்கும், நோயுற்றோர் நோயைத் தாங்குதற்கும் உதவுகின்றன என்று கண்டது. ஊரடங்கு வருமுன்னரே வந்த அறிக்கை அது. கைக்கு ஓர் ஒழுங்கான வேலை, நாளுக்கு ஒரு வரிசை, முடிவில் கண்ணாற் காணத்தக்க ஒரு பொருள் ஆகிய மூன்றும் அச்சத்திற்கு வரம்பு கட்டுகின்றன. முளைப்பாரியின் பத்து நாளில் ஒவ்வொரு நாளும் ஒரு வேலை உண்டு. நீர் தெளிக்க மறந்த நாள் தெரிந்துவிடும்.

பெறாதது யாதெனில், நோய் நீக்கம். இதனை மறைத்துப் பேசுதல் தகாது. பெரியம்மையை இவ்வுலகினின்று போக்கியது தாலாட்டும் அன்று. ஆயிரங்கண் பானையும் அன்று. 1796இல் எட்வர்டு ஜென்னர் கண்ட அம்மைப்பால் 1802 சூனில் பம்பாயில் முதன்முதல் ஒரு குழந்தைக்குக் குத்தப்பட்டது. சென்னை கிண்டியில் 1899இல் நிறுவப்பட்ட கிங் நிலையம் அப்பாலைச் செய்து இம்மாகாணமெங்கும் அனுப்பியது. அம்மை குத்துவோர் வெயிலில் ஊர் ஊராய் நடந்தனர். 1975இல் இந்தியாவின் கடைசிப் பெரியம்மை கண்டது. 1980 மே 8ஆம் நாள் உலகம் முழுவதும் அந்நோய் ஒழிந்தது என்று அறிவிக்கப்பட்டது. அம்மை குத்துவோரைக் கண்டு எம் முன்னோர் ஓடி ஒளிந்தனர் என்பதும் உண்மை. மேனியில் வந்திருக்கும் ஆத்தாளை ஊசி சினமூட்டும் என்று அஞ்சினர். 2021 மே மாதம் கோயம்புத்தூர்ப் பக்கத்து இருகூரில் காமாட்சிபுரி ஆதீனத்தார் கொரோனா தேவிக்குக் கருங்கற் சிலை வைத்தனர். முற்காலத்துப் பிளேக் மாரியம்மன் கோயிலும் அதே கோயம்புத்தூரிலேயே உண்டு. சிலை வைத்ததனை யாம் குறை கூறோம். சிலை இருக்கிறது, ஊசி எதற்கு என்று ஒருவன் கேட்பானாயின் அவனிடத்தே எமக்கு வழக்குண்டு.

இவ்வழக்கு எமக்கு நூலிற் கற்றதன்று. 2021 மார்ச்சு முதல் அறுபது வயது கடந்தோர்க்குக் கொரோனாத் தடுப்பூசி இடத் தொடங்கியபோது, எம் தெருவில் முதியோர் பலர் மறுத்தனர். ஊசி போட்டால் மூன்று நாளில் இறப்பு என்ற வதந்தி தொலைபேசி வழியே வந்திருந்தது. அப்பத்தாவும் மறுப்பார் என்று எண்ணி, நயந்து பேசுதற்கு யாம் ஆயத்தமாகச் சென்றோம். அவர் எம்மைப் பேச விடவில்லை. சேலைத் தலைப்பை விலக்கி, முன்கையிலிருந்த வட்ட வடிவான இரு தழும்புகளைக் காட்டினார்.

"இது எனக்குக் குத்துனது. எந்தம்பிக்குக் குத்தல. அம்மை குத்துறவுக வாராகன்னு தெரிஞ்சதும் எங்க ஆத்தா அவனக் குலுக்கைக்குள்ள ஒளிச்சு வச்சிருச்சு. ஆம்பளப்புள்ளைல்ல. மறு வருசம் அம்மை போட்டுச்சு. ஏழு நாள் தாலாட்டுப் படிச்சோம்."

குலுக்கை என்பது தானியம் கொட்டி வைக்கும் மண் தொம்பை. அது நின்ற இருட்டறையைச் சுட்டிக்காட்டினார். முந்தைய ஆண்டு அவரும் பேத்தியும் பாரி வளர்த்ததும் அவ்வறையே. அவர்தம் அன்னையார் மகனை ஒளித்ததும், அவன் கிடந்த ஏழு நாளும் வேண்டிப் பாரி போட்டதும் அவ்வறையே.

"பாரி போட்டது தப்பில்லையா. கையையும் நீட்டியிருக்கணும்" என்றார். அன்று பிற்பகல் அவரே எம்முடன் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு நடந்து வந்தார். தெருவிற் பிறர் யாதும் பேசாமற் பின்னே வந்தனர்; எம் நயவுரை எவர்க்கும் தேவைப்படவில்லை.

2020ஆம் ஆண்டின் வீட்டுப் பாரி என்னாயிற்று என்பதைச் சொல்லி முடிக்கின்றோம். பத்தாம் நாள் கண்மாய்க்குச் செல்லத் தடையிருந்தமையால், வீட்டுத் தொட்டியிற் கரைத்து, முளைகளைப் பசுவிற்கு இட்டனர். கும்மிக்கு ஆளில்லாமையால் பாட்டியும் பேத்தியும் இருவராகவே முற்றத்திற் சுற்றி வந்தனர். யாம் மதிற்புறத்தே நின்று கைகொட்டினோம். பின்னர் 2022 பங்குனியிற் பொங்கல் சாட்டி, காப்புக் கட்டி, தெரு நிறையப் பாரிகள் எழுந்தன. அவ்வாண்டு அச்சிறுமி தனக்கென ஒரு பாரி வளர்த்துத் தானே தலையிற் சுமந்தாள். மற்றவை யாவும் வெளிறிய மஞ்சளாய் நிற்க, அவளுடையது மட்டும் ஒரு பக்கம் பச்சை பாய்ந்திருந்தது. "பொழுதுக்கும் கதவத் தொறந்து எட்டிப் பாத்தா அப்படித்தான்" என்று ஊர்வலம் முடியுமட்டும் அப்பத்தா அவளைக் கடிந்துகொண்டே நடந்தார்.